சுவர்க் குதையும் மின்வண்டியும்

நேயர்களே, வீட்டுச் சுவரிலே மூன்று துளைகளோடு காணப்படும் மின்குதையைப் பற்றி நாம் பெரும்பாலும் சிந்திப்பதில்லை. வேலை வந்தபோது செருகுகின்றோம், முடிந்ததும் பிடுங்குகின்றோம். ஆயின், அதே குதையில் ஒரு மோட்டார் வண்டியையே செருகிவிட்டு உறங்கச் செல்லும் காலம் இப்போது வந்துள்ளது. வண்டியின் செருகி குதைக்குப் பொருந்தாவிடின், இடையே ஓர் அடாப்டரை, தமிழிற் கூறுவதாயின் ஓர் இடைச்செருகியை, மாட்டிக்கொள்கின்றனர். அச்சிறு பொருளின் வரலாறு நூறாண்டைக் கடந்தது. அவ்வரலாற்றிலே தீயின் சுவடும் உண்டு.

மின்சாரம் வீடு புகுந்த நாளிலே குதையென ஒன்று இருக்கவில்லை. 1882ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 4ஆந் திகதி நியூயோர்க் நகரின் பேர்ள் தெருவிலே தோமஸ் எடிசன் தமது மின்னிலையத்தை இயக்கிவைத்தபோது, அவர் மக்களுக்கு விற்க முற்பட்டது ஒளியை. ஆகவே வீடுகளில் விளக்குத் தாங்கிகளே பொருத்தப்பட்டன. பின்னர் விசிறியும் மின்னழுத்தியும் வந்து சேர்ந்தபோது, அவற்றுக்கு மின் எங்கிருந்து எடுப்பது என்ற வினா எழுந்தது. கனெற்றிக்கட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரினரான ஹார்வி ஹப்பெல் என்பார் அதற்கு வழி கண்டார். இரு துண்டாகப் பிரியும் செருகியொன்றுக்கு 1904ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் காப்புரிமை பெற்றார். ஒரு துண்டு விளக்கைப் போலவே தாங்கியினுள் திருகி நிற்கும். மற்றத் துண்டு வேண்டியபோது செருகவும் பிடுங்கவும் வரும். எனவே அமெரிக்க வீடுகள் அறிந்த அச்செருகி, பிறக்கும்போதே ஓர் இடைச்செருகியாகத்தான் பிறந்தது. விளக்குக்கென இழுத்த கம்பியிலே விளக்கல்லாத சுமையை ஏற்றும் பழக்கமும் அதனோடு வேரூன்றிற்று.

அக்காலத்தில் மின்வண்டி இருந்ததா என நேயர்கள் வியக்கலாம். இருந்தது, செழிப்பாகவே இருந்தது. 1859இல் பிரான்சிய அறிஞர் கஸ்தோன் பிளான்ரே ஈயச் சேமக்கலத்தை ஆக்கினார். 1881இல் துரூவே என்பார் மின்னாலியங்கும் முச்சக்கர வண்டியைப் பாரிசிலே ஓட்டிக் காட்டினார். 1899ஆம் ஆண்டிலே மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தை முதன்முதற் கடந்த மோட்டார் வண்டியும் மின்வண்டியே. ஆனால் அதற்கு ஊண் ஊட்டுவது எளிதாக இருக்கவில்லை. சேமக்கலம் நேரோட்டத்தையே ஏற்கும். வீடுகளுக்கோ ஆடலோட்டம் பரவிக்கொண்டிருந்தது. 1902இல் பீற்றர் கூப்பர் ஹியூவிற் கண்ட இரச ஆவிச் சீராக்கி இவ்விடரைத் தீர்த்தது. வசதி படைத்தோர் வண்டிக் கொட்டகையிலே, கண்ணாடிக் குடுவைக்குள் நீல ஒளி துடிக்க, இரவெல்லாம் மின்னேற்றினர். பெற்றோல் வண்டியை உலகெங்கும் பரப்பிய ஹென்றி போர்ட்டின் மனைவியார் கிளாரா அம்மையார், 1914ஆம் ஆண்டு ஆக்கப்பட்ட டிற்றொயிற் மின்வண்டியொன்றை வைத்திருந்தார் என்பது சுவையான செய்தி. 1912இல் பெற்றோல் வண்டிக்கு மின்தொடக்கி வந்தது. கைப்பிடியைச் சுழற்றும் தொல்லை ஒழிந்தது. மின்வண்டியின் புகழும் மெல்ல மங்கிற்று.

இடைக்காலத்திலே பிரித்தானியர் குதைக்கு ஓர் ஒழுங்கு வகுத்தனர். 1934ஆம் ஆண்டு நியமத்திலே இரண்டு அம்பியருக்கு ஓரளவும், ஐந்துக்கு மற்றோரளவும், பதினைந்துக்குப் பேரளவுமாக உருளை முட்செருகிகள் இடம்பெற்றன. பெரிய செருகி சிறிய குதைக்குள் நுழையாது. அந்த நுழையாமையே ஒரு காவல். 1947இல் சதுர முட்களையுடைய 13 அம்பியர்ச் செருகிக்கான நியமம் வெளிவந்தது. செருகிக்குள்ளேயே உருகி வைத்ததும், குழந்தையின் விரல் நுழையாதவாறு குதையின் துளைகளுக்கு மறைப்பு வைத்ததும் அதன் சிறப்புகள். அதற்கு வழிகோலிய குழுவிலே அமர்ந்த ஒரே பெண்மணி கரோலைன் ஹாஸ்லெற் ஆவார்.

நம் இலங்கைக்கு இவ்விருவகையும் மரபுரிமையாக வந்து சேர்ந்தன. ஒரே வீட்டில் முன்னறையில் உருளைத் துளையும் சமையலறையில் சதுரத் துளையும் இருப்பதைக் கண்டிராதார் யார்? இந்நிலையில் 2014, 2015ஆம் ஆண்டுகளிலே யப்பானிலிருந்து பாவித்த நிசான் லீவ் மின்வண்டிகள் பெருந்தொகையாக இங்கு வந்திறங்கின. யப்பானிய வீட்டின் சாதாரணக் குதை 100 வோல்ற்று, நம்முடையது 230. வண்டியோடு வந்த வடத்தின் தலை நம் குதை எதற்கும் பொருந்தாது. பிறகென்ன, இடைச்செருகிக்கு வேலை வந்தது.

அடியேன் வரலாறு கற்பித்தவன், மின்னியல் கற்றவனல்லன். எனினும் இதிலுள்ள கணக்கு எண்சட்டத்துக்குள் அடங்குவது. நீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல் குதையின் வலிமையை ஏறத்தாழ முழுவதும் உறிஞ்சும். ஆனால் ஐந்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும். வண்டியோ 10 அம்பியரை இரவு முழுவதும் உறிஞ்சும். 230 வோல்ற்றிலே அது 2.3 கிலோவாற்று. முதல் லீவ் வண்டியின் சேமக்கலம் 24 கிலோவாற்றுமணி கொள்வது. வெறுமையிலிருந்து நிரம்பப் பத்து மணிக்கு மேற் செல்லும். கம்பியிலே பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு வளர்வது. ஓட்டம் இரு மடங்காயின் வெப்பம் நான்கு மடங்கு. பழைய குதையொன்றின் வில் தளர்ந்து, முள்ளை இறுகப் பற்றாதிருப்பின், அவ்வெப்பம் அந்தச் சிறு புள்ளியிலே குவிகின்றது. வடத்திலுள்ள பெட்டி வண்டிக்கு, ‘இவ்வளவே எடு’ என்று கட்டளையிடுகின்றது. ஆயினும், தான் எந்தச் சுவரிலே, எத்தகைய கம்பியின் நுனியிலே நிற்கின்றது என்பதை அப்பெட்டி அறியாது. வாய்க்காலின் மடையை மாற்றியவுடன் வாய்க்கால் அகன்றுவிடுமா? இடைச்செருகி மாற்றுவது மடையை மட்டுமே.

2013ஆம் ஆண்டு நவம்பரிலே கலிபோர்ணியாவின் இர்வைன் நகரில், டெஸ்லா வண்டியொன்று மின்னேற்றப்பட்டிருந்த கொட்டகையில் தீ மூண்டது. சுவர்க் குதையிலோ மின்னேற்று வடத்திலோ ஏற்பட்ட தடை மிகுந்த இணைப்பே பெரும்பாலும் காரணமாகலாம் எனத் தீயணைப்புத் துறையின் அறிக்கை கருதிற்று. குற்றம் வண்டியுடையதன்று என நிறுவனம் வாதித்தது. வாதம் எவ்வாறாயினும், 2014ஆம் ஆண்டு சனவரியில் 29,222 வண்டிகளுக்கான திருத்தம் அறிவிக்கப்பட்டது. சமையலடுப்புக்கென அமெரிக்க வீடுகளிலுள்ள 50 அம்பியர்க் குதைக்கு உரிய இடைச்செருகிக்குப் பதிலாக, வெப்பத்தில் அறுபடும் உருகியுள்ள புதியது அனுப்பப்பட்டது. மின்வரத்திலே தடுமாற்றம் கண்டால் வண்டி தானே ஓட்டத்தைக் குறைக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. இது நல்ல திருத்தமே. ஆயினும் 1904இல் எழுந்திருக்க வேண்டிய கேள்வி, அதாவது குதைக்குப் பின்னாலுள்ள கம்பி எதற்கென இடப்பட்டது என்ற கேள்வி, நூற்றுப்பத்து ஆண்டு கழித்தே ஒரு செருகிக்குள் இடம்பிடித்தது என்பது என் எண்ணம்.

வீட்டிலே மின்வண்டி வைத்திருப்போர், பிரதான மின்பலகையிலிருந்து அதற்கெனத் தனிக் கம்பியும், தனி மின்துண்டிப்பானும், நல்ல புவித்தொடுப்பும் தேர்ந்த மின்வினைஞரைக் கொண்டு அமைத்துக்கொள்வது உத்தமம். அதுவரை இடைச்செருகியையே நம்பியிருப்போர், மின்னேற்றத் தொடங்கி ஒரு மணி கழிந்தபின் எழுந்து சென்று, செருகியின் முதுகிலே புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இயல்பு. கை பொறுக்காத சூடாயின், முதலிலே சுவராளியை அணைத்து, அதன் பின்னரே செருகியைக் கழற்ற வேண்டும்.