நூலின் நுனி

ராயபுரத்து பனியன் கம்பெனியில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்: நூலின் ஒரு நுனி சாயத் தண்ணீரில் பட்டால் போதும், ஈரம் தானாக மேலேறும்.

1971இல் அமெரிக்காவின் ஏ.எச். ராபின்ஸ் நிறுவனம் விற்கத் தொடங்கிய 'டால்கன் ஷீல்டு' கருத்தடைச் சாதனத்தில் தொங்கிய நூலும் இப்படித்தான். பெரும்பாலான சாதனங்களில் அது ஒற்றை இழை. இதிலோ நைலான் உறைக்குள் நூற்றுக்கணக்கான நுண்ணிழைகள். கிருமிகள் அதன் வழியே கருப்பைக்குள் ஏறின. தயாரிப்பிடத்தில் தரம் பார்த்த ஒருவர், நூல் நீரை இழுக்கிறது என்று அந்த ஆண்டே எச்சரித்தார்; அவர் பேச்சு எடுபடவில்லை. பாதுகாப்பானது, நூற்றில் ஒருவருக்குத்தான் கரு தங்கும் என்று விளம்பரம் ஓடியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்கள் பொருத்திக்கொண்டார்கள். கருப்பைத் தொற்று, கருச்சிதைவு, பிள்ளைப்பேறு இல்லாமற்போவது, சில பெண்களுக்கு மரணம். 1974இல் அங்கே விற்பனை நின்றது.

வழக்குத் தொடுத்த பெண்களிடம் நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் எத்தனை ஆண்களோடு உறவு, கழிப்பறையில் எப்படித் துடைத்துக்கொள்வாய் என்றெல்லாம் கேட்டார்கள். சாதனம் சுத்தம், அவள்தான் அழுக்கு. (நம் ஊரில் இதைக் கேட்க நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை.) 1984இல் நீதிபதி மைல்ஸ் லார்டு நிறுவன அதிகாரிகளை வரவழைத்து இதற்காகவும் கண்டித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கண்டனத்தைப் பதிவிலிருந்து நீக்கிவிட்டது. 1985இல் நிறுவனம் திவால் மனு போட்டது. இழப்பீடு கேட்டு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்து சேர்ந்தன.