பைப் தண்ணீரில் கழுவிய லென்ஸ்



பெருநாள் விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய அன்று, உயர்தர வகுப்பு மகள் ஒருவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வந்திருந்தார். கல்யாண வீட்டுக்குப் போட்ட கலர் லென்ஸ். கூட்டாளியிடம் இரவல் வாங்கி, பைப் தண்ணீரில் கழுவிப் போட்டிருக்கிறார். கண் சிவந்ததும் மூன்று நாளாக பார்மசியில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து. உம்மாவை அழைத்து அன்றே கண் டொக்டரிடம் அனுப்பினோம். கண் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

"கழுவிட்டுத்தானே சேர் போட்டேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் ஒரு நூற்றாண்டுக் கதை.

1888இல் சூரிச் நகரில் இருந்த ஜேர்மன் கண் வைத்தியர் அடொல்ஃப் ஃபிக், கண்ணுக்குள் போடும் கண்ணாடி வில்லையைப் பற்றி எழுதினார். முதலில் முயலுக்கும், பிறகு தனக்கும் போட்டுப் பார்த்தார். சில மணி நேரத்தில் பார்வை மங்கியது. கழற்றுவதுதான் அன்றைய சிகிச்சை. காரணம் பின்னர் புரிந்தது: விஞ்ஞானப் புத்தகத்தில் நாம் படிக்கும் விழிவெண்படலத்துக்கு இரத்தக் குழாய் இல்லை. அது ஒட்சிசனைக் காற்றிலிருந்தே எடுக்கிறது. மூடினால் மூச்சுத் திணறும்.

1961இல் பிராக் நகரில் ஒட்டோ விக்டர்லே, தன் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருத்துப் பெட்டியையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து வீட்டிலேயே மென்மையான லென்ஸ் செய்தார். 1971இல் அமெரிக்கா மென் லென்ஸை அனுமதித்தது. உறுத்தல் குறைந்தது. போட்டுக்கொண்டே தூங்கவும் தொடங்கினார்கள். 1989இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, பகலில் மட்டும் மென் லென்ஸ் அணிந்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 4 பேர் அளவில் கண்ணில் புண் வந்தது. இரவிலும் அணிவதற்கான லென்ஸ் போட்டவர்களில் அது 21 பேர்.

இந்தப் புண்களில் பல பற்றீரியாவால் வருபவை. டொக்டர் புண்ணிலிருந்து சிறிது சுரண்டிச் சோதித்து, மணிக்கொரு தடவை அன்டிபயோடிக் சொட்டு விடச் சொல்வார். தாமதித்தால் ஓரிரு நாளிலேயே பார்வை போகலாம்.

இன்னொரு எதிரி அகாந்தமீபா. பைப், கிணறு, தாங்கி எல்லாத் தண்ணீரிலும் வாழக்கூடிய ஒரு செல் உயிர். குடித்தால் நமக்கு ஒன்றும் செய்யாது. ஈர லென்ஸில் ஒட்டிக் கண்ணில் ஏறினால், தன்னைச் சுற்றிக் கடினமான ஓடு கட்டிக்கொள்ளும். சாதாரண அன்டிபயோடிக் அதை அசைக்காது. கண்ணில் இந்நோயை 1970களில்தான் வைத்தியர்கள் அடையாளம் கண்டார்கள். பலர் கண்ணை இழந்தார்கள். 1980களில் அமெரிக்காவில் நோயாளிகள் கூடியபோது விசாரித்தார்கள். பலர் உப்புக் குளிசையைத் தண்ணீரில் கரைத்து வீட்டிலேயே லென்ஸ் திரவம் தயாரித்தவர்கள்.

மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? 1985இல் பிரித்தானிய வைத்தியர்கள், அங்கே கடையில் விற்ற ஒரு பழைய கண் சொட்டு மருந்தை நியோமைசினோடு சேர்த்துக் கொடுத்து, சத்திரசிகிச்சையின்றிக் குணப்படுத்திக் காட்டினார்கள். 1992இல் நீச்சல் குளம் சுத்தம் செய்யும் பிஎச்எம்பி என்ற இரசாயனத்தை மிக மெல்லியதாகக் கரைத்துச் சொட்டாக்கினார்கள். இன்றும் அதுவே முக்கிய மருந்துகளில் ஒன்று. ஆனால் முதல் நாட்களில் இரவும் பகலும் மணிக்கொரு தடவை விடவேண்டும், குணமாக மாதக்கணக்காகும்.

ஆகவே மகளே, குடிக்கச் சுத்தமான தண்ணீர் லென்ஸுக்குச் சுத்தமானதல்ல.

பெற்றோர்களே, லென்ஸ் போட்ட கண் சிவந்தால், வலித்தால், வெளிச்சம் கூசினால் உடனே கழற்றச் சொல்லுங்கள். வீசாமல் டப்பாவோடு டொக்டரிடம் கொண்டுபோங்கள். அதிலேயே கிருமியைத் தேடலாம். பார்மசியில் கேட்டுச் சொட்டு விடவேண்டாம். ஸ்டீரொயிட் கலந்த மருந்து சிவப்பை மறைக்கும், நோயை வளர்க்கும். வுழூ செய்த ஈரக்கையால் லென்ஸைத் தொடவேண்டாம். இரவல் லென்ஸ் வேண்டவே வேண்டாம்.

அடுத்த கல்யாணத்துக்கு முன் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.