போனட்டில் முளைத்த மூக்கு

1998இல் என் பெரியம்மா மகன் தன் கன்சில் காரின் போனட்டில் ஒரு ஸ்கூப்பை ஒட்டினான். கிள்ளானில் கார் அலங்காரச் சாமான்கள் விற்கும் கடையில் வாங்கியது. முன்பக்கம் வாய் திறந்த கறுப்பு ஃபைபர் பெட்டி, அடியில் இரட்டைப் பக்க டேப். வாய்க்குப் பின்னால் போனட்டின் தகரம் அப்படியே இருந்தது. மறுநாள் காப்பார் சாலையோரப் பட்டறைக்குப் போனபோது போமேன் காரைச் சுற்றிவந்து பார்த்தார்.

"மூக்கு வச்சிருக்க, சரி. ஓட்டை எங்கடா?"

அண்ணன் முகம் செத்துவிட்டது. பக்கத்தில் நின்ற நான் சிரித்தேன். (போமேன் என்றால் மெக்கானிக். ஃபோர்மேன் என்ற ஆங்கிலச் சொல் மலாய்க்குள் போய்த் தேய்ந்து நம் தமிழுக்கு வந்தது.) அந்தச் சிரிப்புக்காக இப்போது கொஞ்சம் வெட்கப்படுகிறேன். அண்ணன் செய்ததைத்தான் அமெரிக்கக் கார் நிறுவனமும் முதலில் செய்தது என்று பின்னால்தான் படித்தேன்.

அமெரிக்க மசல் கார்களின் கதையைப் பலரும் 1964இன் பொன்டியாக் ஜிடிஓவிலிருந்து தொடங்குவார்கள். நடுத்தர அளவுக் காருக்குள் 389 கன அங்குல எஞ்சின். சுமார் 6.4 லிட்டர், 660 சிசி கன்சில் எஞ்சின்கள் ஒன்பதைச் சேர்த்தாலும் ஈடாகாது. அதன் போனட்டில் இரண்டு ஸ்கூப்கள் இருந்தன. இரண்டுமே பொய். அடியில் துளை இல்லை. 1965 மாடலில் இரண்டும் ஒன்றாகி நடுவுக்கு வந்தன. அந்த ஆண்டுதான் பொன்டியாக் ஒரு தகரத் தட்டைத் தனியாக விற்றது. மூன்று கார்புரேட்டர்களைச் சுற்றி உட்காரும் தட்டு, விளிம்பில் ஸ்பாஞ்ச். போனட்டை மூடினால் ஸ்பாஞ்ச் அமுங்கி இடைவெளியை அடைக்கும். ஸ்கூப்பைத் திறந்துவிட்டால் வெளிக்காற்று நேராகக் கார்புரேட்டருக்குப் போகும். எஞ்சின் அறையின் வெந்த காற்று கலக்காது. ஆக, பொய் மூக்கு முந்திப் பிறந்தது. அதைப் பார்த்து ஆசைப்பட்டவர்களுக்காக மெய் மூக்கு பின்னால் வந்தது.

அதற்குப் பின் ஐந்தாறு ஆண்டுகள் கொண்டாட்டம்தான். ஃபோர்டு 1969 மஸ்டாங்கில் ஸ்கூப்பை எஞ்சின் மேலேயே பொருத்தி, போனட்டில் வெட்டிய ஓட்டை வழியாக வெளியே தலைநீட்ட வைத்தது. எஞ்சின் குலுங்கும்போது அதுவும் குலுங்கியதால் பெயர் ஷேக்கர். எனக்கு மிகப் பிடித்தது 1970 பிளிமத்தின் ஏர் கிராபர். டாஷ்போர்டில் ஒரு சுவிட்சைத் தட்டினால் போனட்டில் ஒரு கதவு எழும். அதன் பக்கவாட்டில் சுறாவின் பற்களை வரைந்திருப்பார்கள். கொஞ்சம் சிறுபிள்ளைத்தனம்தான், ஆனால் மழை வந்தால் மூடிக்கொள்ளலாம். கார்புரேட்டருக்குள் தண்ணீர் போவது நல்லதல்ல.

இந்த மூக்குகளால் உண்மையில் என்ன லாபம்? 'ராம் ஏர்' என்று பெயர் வைத்தார்கள். வேகத்தில் எதிர்க்காற்றை எஞ்சினுக்குள் திணிக்கிறோம் என்று அர்த்தம். கணக்குப் போட்டால் அந்தப் பெருமை சுருங்கிவிடுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் அரை விழுக்காடுகூட இல்லை. 160இல் போனால் 1.2 விழுக்காடு. மெய்யான லாபம் குளிர்ச்சியில் இருக்கிறது. காற்று மூன்று பாகை குளிர்ந்தால் அதன் அடர்த்தி ஏறக்குறைய ஒரு விழுக்காடு கூடும். நம் ஊரில் நண்பகல் வெளிக்காற்று 32 பாகை, மூடிய போனட்டுக்குள் 60 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்றை இழுக்கும் எஞ்சினுக்கு ஒவ்வொரு மூச்சிலும் ஒன்பது விழுக்காடு அதிக ஆக்ஸிஜன் கிடைக்கிறது. ஆக, 'ராம் ஏர்' என்ற பெயர் விளம்பரக்காரர்களுடையது. வேலை நடப்பது வெப்பநிலையில்.

துளையை எங்கே போடுவது என்பது அடுத்த சிக்கல். இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, போமேன் தன் மனைவியிடம் பூக்கட்டும் நூல்கண்டை வாங்கிவந்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, கன்சிலின் போனட் முழுக்க டேப்பால் ஒட்டினார். அண்ணன் ஓட்ட, நான் பக்கத்தில். பின்சீட்டிலிருந்து போமேன், "தொண்ணூறுக்கு மேல போகாதடா, நூலப் பாரு, நூலப் பாரு" என்று கத்திக்கொண்டே வந்தார். கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா பக்கம் போனோம். அப்போது அங்கே பழைய பந்தயத் திடல் இருந்தது. 1968இல் கட்டியது, 2003இல் மூடிவிட்டார்கள். போனட்டின் முன்பாதியில் எல்லா நூலும் வாரிய தலைமயிர்போலப் பின்னோக்கிப் படிந்திருந்தது. கண்ணாடிக்கு அடியிலிருந்த நூல்கள் மட்டும் துடித்தன. சில முன்னோக்கித் திரும்பி நின்றன.

போனட்டில் வழுக்கி வரும் காற்று கண்ணாடிச் சரிவில் முட்டி, அங்கே தேங்கி அழுத்தமாகிறது. இதைத்தான் செவர்லே பிடித்துக்கொண்டது. அவர்களுடைய 'கவுல் இண்டக்ஷன்' போனட்டின் வாய் முன்னால் இருக்காது. கண்ணாடியைப் பார்த்தபடி பின்னால் இருக்கும். 1970 செவெல்லில் அங்கே ஒரு சின்னக் கதவு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் திறக்கும். மாறாக, போனட்டோடு ஒட்டிக் கிடக்கும் குட்டையான ஸ்கூப்பின் வாய்க்குள் தகரத்தை உரசி வரும் சோம்பல் காற்றுதான் போகும்.

கிள்ளானுக்கு மெய் மூக்கு வந்த வழி வேறு. மசல் கார்கள் இங்கே அபூர்வம். நமக்கு வந்தது ஜப்பானிலிருந்து, பாதியாக வெட்டப்பட்டு. அங்கே வாகனச் சோதனைச் செலவுக்குப் பயந்து நல்ல கார்களையே கழித்துவிடுவார்கள். இங்கே தேசியக் கார்களைக் காப்பாற்ற வெளிநாட்டுக் கார்களுக்குக் கடுமையான வரி, அனுமதி முறை. முழுக் காராக வர முடியாதது, டாஷ்போர்டோடு அறுபட்டு உதிரிப்பாகம் என்ற பெயரில் கன்டெய்னரில் வந்தது. அதுதான் ஹாஃப்-கட். நம் தாத்தாக்கள் பலர் கப்பலிலிருந்து இறங்கிய அதே கிள்ளான் துறைமுகத்தில்தான் இந்தப் பாதிக் கார்களும் இறங்கின. எஞ்சினோடு சேர்ந்து, அதற்கென்று வடிவமைத்த போனட்டும் வந்தது.

1994இல் வந்த கன்சில் ஜப்பானின் டைஹாட்சு மீராவின் உடம்பு. கன்சிலுக்கு 31 குதிரைத்திறன். அதே 660 சிசியில் மீரா டர்போவுக்கு 64. டர்போ காற்றை அமுக்கும்போது காற்று சுடும். அதை ஆற்றத்தான் இன்டர்கூலர். மீராவில் அது எஞ்சினுக்கு மேலே படுத்திருப்பதால் போனட்டில் மூக்கு தேவை. சுபாரு இம்ப்ரெசாவிலும் இதே ஏற்பாடுதான். இங்கே மழை பிரச்சினையில்லை; இன்டர்கூலர் நனைந்தால் நல்லதுதான். நெரிசலில் நின்றால்தான் கேடு. கீழே எஞ்சின் கொதிக்க, மூக்குக்குக் காற்று வராது. 1993இல் வந்த வீரா மிட்சுபிஷி லான்சரின் உடம்பு என்பதால் எங்கள் பக்கத்துப் பையன்கள் எவலூஷன் 3இன் முகத்தை அதில் மாட்டினார்கள். அந்த போனட்டின் நடுவிலிருக்கும் பெரிய திறப்பைப் பலர் மூக்கு என்று நினைத்தார்கள். அது சூடான காற்றை வெளியே விடும் வழி. எவலூஷனில் இன்டர்கூலர் முன்பம்பருக்குள் இருக்கிறது. 2002இல் கரம்ஜித் சிங் புரோட்டோன் பெர்ட்டில் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி பட்டத்தை வென்றபோது அந்தக் காரும் எவலூஷன் வம்சம்தான். அதற்குப் பின் துளையில்லாத வீராக்களிலும் துளை வரைந்த ஸ்டிக்கர்களைப் பார்த்தேன்.

அண்ணன் தோட்டத்துப் பிள்ளை. தோட்டம் தாமான் ஆனதும் அடுக்குமாடிக்கு வந்து, ஷா ஆலாம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவன். இரண்டு வருடம் கூட்டுக் கட்டி மீரா டர்போ ஹாஃப்-கட் ஒன்றை வாங்கினான். போமேன் பத்து நாளில் மாற்றிக் கொடுத்தார். இங்கே எஞ்சின் எண் கிரானில் இருக்கும். மாற்றினால் சோதனைக்குக் காட்டிப் பதிய வேண்டும். அண்ணன் எல்லாவற்றையும் முறைப்படி செய்தான். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது சாலைத் தடுப்பில் டார்ச் வெளிச்சம் முதலில் போனட்டில் விழும், அடுத்து அவன் முகத்தில். கிரானை எடுத்துக் காட்டுவான். விட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் மறுபடியும். டேப்பில் ஒட்டிய பொய் மூக்கோடு திரிந்த நாட்களில் யாரும் அவனை இத்தனை முறை நிறுத்தியதில்லை என்று சொல்வான். அப்போது எஞ்சின் சத்தம் சாதுவாக இருந்தது, அதனால்கூட இருக்கலாம். எனக்கென்னவோ அவனுடைய வயதும் நிறமும் அந்த மூக்கும் சேர்ந்து ஒரு முகமாகத் தெரிந்திருக்கும் என்றுதான் படுகிறது.

அமெரிக்க மூக்கும் சட்டத்தில்தான் அடைபட்டது. புகைக் கட்டுப்பாடு, காப்புறுதிக் கட்டணம், எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து மசல் கார்களை முடக்கின. பொன்டியாக் டிரான்ஸ் ஆமின் ஷேக்கர் 1973இல் சத்தக் கட்டுப்பாட்டால் அடைக்கப்பட்டது. வடிவம் அப்படியே, வாயில் மட்டும் தகடு. 1977இல் 'ஸ்மோக்கி அண்ட் த பேண்டிட்' படத்தில் உலகமே பார்த்து மயங்கிய அந்தக் கறுப்புக் காரின் மூக்கும் அடைத்த மூக்குதான். வாங்கியவர்கள் பலர் வீட்டில் வைத்து அந்தத் தகட்டை அறுத்தெடுத்தார்கள்.

மகள் பிறந்த வருடம் அண்ணன் பட்டறைக்குப் போய் மீராவின் போனட்டைக் கழற்றச் சொன்னான். டேப் தடம் இன்னும் மங்கலாகத் தெரிந்த அவனுடைய பழைய தட்டை போனட் பின்சுவரில் சாய்ந்து கிடந்தது. "இன்டர்கூலர் வெந்துரும்டா" என்றார் போமேன். "வேகட்டும்ண்ணே. ராத்திரில வீட்டுக்குப் போகணும்" என்றான்.

போமேன் ஒன்றும் பேசாமல் தட்டை போனட்டை மாட்டினார். மாட்டும்போது பின்பக்கக் கீல்களுக்கு அடியில் இரண்டிரண்டு வாஷர்களைச் செருகி முடுக்கினார். கண்ணாடியோரம் போனட் ஒரு விரல் அளவு தூக்கி நின்றது, அன்றைக்கு நூல்கள் துடித்த அதே இடத்தில். நிற்கும்போது சூடு அதன் வழியாக மேலே போகும். ஓடும்போது தேங்கிய காற்று கொஞ்சமாவது உள்ளே இறங்கும். எதிரே டார்ச்சோடு நிற்பவருக்கு எதுவும் தெரியாது.