பழங்காசுக்குச் சான்று வேண்டுமா?

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி வரும் கெலாங் பாத்தா வட்டாரத்தில், லயத்தை விட்டு நீங்கும் ஒரு குடும்பத்தின் பழம் பெட்டியில் பாட்டி முடிந்து வைத்த வெள்ளிக் காசு ஒன்று அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். “அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கினால் ஆயிரக்கணக்கில் விலை போகும்” என்பார் ஒருவர். “பழைய வெள்ளிதானே, எடைக்குப் போடு” என்பார் இன்னொருவர். இருவர் சொல்லையும் ஆராயாமல் ஏற்பது அறிவுடைமையாகாது. முதலில் அக்காசின் வரலாற்றை நாம் அறிய வேண்டும்.

மெக்ஸிகோ வெள்ளியும் பிரிட்டிஷ் வெள்ளியும் புழங்கிய இந்நாட்டில், 1903-இல் நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் தன் சொந்த வெள்ளியை வெளியிட்டது. அது அச்சானது பம்பாய் நாணயசாலையில். நம் முன்னோரைப் போலவே அதுவும் கப்பலேறி வந்தது, ஜோகூரிலும் புழங்கிற்று. ரிங்கிட்டை நாம் இன்றும் ‘வெள்ளி’ என்றே வழங்குகிறோம்.

அக்காசின் எடை 26.95 கிராம்; ஆயிரத்தில் 900 பங்கு சுத்த வெள்ளி. 1906-இல் ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. அக்காலத்தில் உலோக விலை ஏறவே, காசை உருக்குவது லாபமாயிற்று. அதைத் தடுக்க 1907-இல் எடை 20.21 கிராமாகக் குறைக்கப்பட்டது. 1919-இல் 16.85 கிராம், அதிலும் பாதியே வெள்ளி. 24 கிராமுக்கு மேலிருந்த சுத்த வெள்ளி எட்டரை கிராமுக்கும் கீழே இறங்கியும், காசு ஒரு வெள்ளியாகவே செல்லுபடியாயிற்று. காரணம் உலோகமன்று, முத்திரையின்மேல் ஜனங்கள் வைத்த நம்பிக்கையே.

தரச்சான்றும் அத்தகைய நம்பிக்கையே. 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்கர் தம் நாட்டுப் பழைய செப்புச் சென்டுகளுக்கென 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 1986-இல் தோன்றிய பி.சி.ஜி.எஸ்., 1987-இல் தோன்றிய என்.ஜி.சி. ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் அதைக்கொண்டு காசுக்கு எண்ணிட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. முன்பின் அறியாதார் இருவர் காசு விற்கவும் வாங்கவும் இது துணையாகும்; போலிகள் உலவும் இக்காலத்தில் அதன் பயன் மெய்யே.

ஆகவே, விற்கும் எண்ணம் இல்லாதவருக்குச் சான்று தேவையில்லை. விற்பவர் கட்டணம், அஞ்சல், காப்புறுதி மூன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். சான்றினால் ஏறும் விலை அத்தொகையை மிஞ்சினால் அனுப்பலாம். பல கை பட்டுத் தேய்ந்த சாதாரணக் காசுக்குப் பெரும்பாலும் செலவே மிஞ்சும். முதலில் தராசில் நிறுத்துப் பார்ப்பது நலம். எடை வெகுவாக மாறினால் ஐயுற வேண்டும். புளியிட்டுத் துலக்குதல் கூடவே கூடாது. துலக்கிய காசுக்கு அந்நிறுவனங்கள் வழக்கமான எண் தருவதில்லை; குறையைச் சுட்டும் குறிப்பே கிடைக்கும். துளையிட்ட காசுக்கும் அதே கதிதான்.

அந்தத் துளை எப்படி வந்தது? நம் பெண்மக்கள் காசைக் கோத்துக் கழுத்தில் அணிந்தனர். வங்கியை அறியாத அவர்களுக்குக் கழுத்தே பெட்டகம். சான்று தருவோருக்குக் குறையாகத் தோன்றும் அது, நமக்கு உழைப்பின் சாசனம்.

அக்காசை ஈட்டியவர் யார், எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில் என்பதை எந்த நிறுவனமும் எழுதித் தராது. வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி, காசோடு சேர்த்து வைப்பது நம் கடமை. விற்பினும் காப்பினும் அச்சான்றை முதலில் பெறுவோமாக.