கல்லில் ஊறிய கறை

பளிங்கின் மேல் விழுந்த கறையைத் தேய்த்துப் போக்கிவிடலாம் என்று நம்புகிறவர்கள், கறை கல்லின் மேலே நிற்கிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில், பளிங்காயினும் கருங்கல்லாயினும், அதன் உடலெங்கும் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் உண்டு. எண்ணெயும் மஞ்சளும் புகைக்கரியும் அவற்றின் வழியே உள்ளிறங்கித் தங்கிவிடுவதால், விடாப்பிடியாகத் தேய்க்கிறவன் தேய்ப்பது கறையை அன்று, கல்லையே. சமையலறை மேடைக்குப் பொருந்தும் இந்த உண்மை மகா சிற்பங்களுக்கும் பொருந்தும் என்பதற்கு, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நிகழ்ந்த துக்ககரமான விருத்தாந்தம் ஒன்றே போதிய சாட்சி.

கி.மு. 447க்கும் 432க்கும் இடையே ஆதென்ஸ் நகரத்துக் குன்றின்மீது எழுந்த பார்த்தினான் ஆலயத்தின் சிற்பங்களில் பலவற்றை எல்ஜின் பிரபு பெயர்த்துக்கொண்டு போக, அவற்றை 1816இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் விலை கொடுத்து வாங்கி மியூசியத்தில் வைத்தது. நிலக்கரிப் புகை சூழ்ந்த லண்டனில் அவை நாளுக்கு நாள் கறுத்தன. ரசாயன சாஸ்திரத்தில் மேதையான மைக்கேல் பாரடே, 1857இல், நீரையும் காரங்களையும் இறுதியில் நீர்த்த நைட்ரிக் திராவகத்தையும் பிரயோகித்துப் பார்த்த பின்பும், அவற்றின் பூரண வெண்மையை மீட்கலாம் என்ற நம்பிக்கையைக் கைவிட நேர்ந்தது. அத்தனை பெரிய விஞ்ஞானி கைவிட்ட இடத்தில், பணமும் அவசரமும் துணிந்து புகுந்தன. சிற்பங்களுக்கெனப் புதிய மண்டபம் ஒன்றைத் தம் செலவில் கட்டித்தர முன்வந்த டுவீன் பிரபு, அவை வெள்ளை வெளேரென்று விளங்க வேண்டுமென்று விரும்பினார். மியூசியம் அனுமதித்திருந்ததோ மென்மையான சோப்பும் அமோனியாவும் கலந்த நீர் மாத்திரமே. ஆயினும் 1937-38இல் வேலையாட்கள் செப்புக் கருவிகளாலும் கார்போரண்டம் என்னும் கடினமான தேய்ப்புப் பொருளாலும் பல சிற்பங்களைச் சுரண்டிவிட்டார்கள். 1938 செப்டம்பரில் மியூசியத்தின் தலைவர் அதைக் கண்டறிந்தபோது, சூரிய தேவனின் குதிரைகளும் சந்திர தேவியின் குதிரைத் தலையும் தம் பழைய மேற்பரப்பை இழந்திருந்தன. இச்சிற்பங்களைச் செதுக்கிய பென்டெலிக்கஸ் மலைப் பளிங்கில் இயல்பாகவே இருக்கும் இரும்பு, காலப்போக்கில் அதற்குத் தேன்நிறச் சாயலொன்றை அளிக்கும். அழுக்கென்று எண்ணிச் சுரண்டியதில் அந்தச் சாயலும் போயிற்று. இதன் விவரங்கள் பல பத்தாண்டுகள் மறைந்து கிடந்து, 1998இல் வில்லியம் செயின்ட் கிளேர் எழுதிய நூலால்தான் விரிவாக வெளிப்பட்டன. விளக்கெண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவதாகக் கருதி, அழுத்தக் காற்றோடு மணலை வீசியடித்துக் கல்வெட்டுக்களை மழுங்கச் செய்த காலம் நம் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கும் உண்டாகையால், லண்டன்காரர்களை மாத்திரம் பழிப்பது நியாயமாகாது.

சுரண்டாமலே கறையை எடுக்கும் வழி மிகப் பழையது. பண்டை ரோமாபுரியில் கம்பளித் துணியிலிருந்து எண்ணெயைப் போக்குவதற்குச் சலவைத் தொழிலாளர் கையாண்ட களிமண் இனத்தைச் சேர்ந்ததே நாம் முல்தானி மட்டி என்று வழங்கும் மண். அதை நீரில் குழைத்துக் கல்லின்மேல் அப்பினால், ஈரம் துளைகளுக்குள் சென்று கறையை இளக்குகிறது; பிறகு மண் மெல்ல உலரும்போது, மையொற்றும் தாளைப்போல், அந்த ஈரத்தையும் அதில் கரைந்த கறையையும் தன்பால் இழுத்துக்கொள்கிறது. எண்ணெய்க் கறையானால் நீருக்குப் பதில் எண்ணெயைக் கரைக்கும் திரவமொன்றில் மண்ணைக் குழைக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு முதலிய புளிப்புப் பொருள்களோ கால்சியம் கார்பனேட்டாலான பளிங்கையே கரைத்து அதன் மெருகைக் கெடுப்பவை. அவற்றைக் கறை நீக்கும் மருந்தென்று கொள்வது பெரும் பிழை.

இம்முறையின் கம்பீரமான பிரயோகத்தை ஆக்ராவில் காணலாம். 1632இல் கட்டத் தொடங்கப்பெற்ற தாஜ்மகாலின் மக்ரானாப் பளிங்கு மஞ்சளித்தபோது, தொல்பொருள் இலாகாவினர் 1994இலும் பின்னர் 2001இலும் 2008இலும் முல்தானி மட்டிக் குழம்பைச் சுமார் 2 மில்லிமீட்டர் கனத்தில் பூசி, உலர்ந்தபின் மென்மையாகத் துடைத்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவினார்கள். லண்டனில் நிகழ்ந்ததை நினைக்கும்போது, இந்தப் பொறுமையைக் கைகூப்பி வணங்கத் தோன்றுகிறது.

ஆனால் மஞ்சள் திரும்பத் திரும்ப வந்தது. 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், காற்றின் மாசைக் குறைக்கும்பொருட்டு, சுற்றியுள்ள 292 தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை வாயுவுக்கு மாற வேண்டும், இயலாதவை வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டது. 2014இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, குப்பையும் விறகும் சாணமும் எரிவதால் எழும் பழுப்புக் கரித்துகளும் தூசியும் பளிங்கில் படிவதைக் கண்டு கூறிற்று. அடுத்த சில ஆண்டுகளில், மாசுபட்ட யமுனையில் பெருகிய பூச்சிகளின் எச்சம் ஆற்றை நோக்கிய சுவரில் பச்சைத் திட்டுக்களாகப் படிய, அவற்றையும் நீர்விட்டு அலசவேண்டியதாயிற்று. படிந்த கறையை உறிஞ்சியெடுப்பது மாத்திரமே மண்பூச்சு கல்லுக்குச் செய்யும் உபகாரம். காற்றையும் ஆற்றையும் அதனால் சுத்தி செய்ய முடியாதாகையால், 2008க்குப் பிறகும் சாரங்கட்டி மீண்டும் மண்ணைப் பூச நேர்ந்தது.