பித்தளைத் துவாரம்

தலைமயிர் நுழையும் அளவே உள்ள ஒரு துவாரத்துக்குச் சரித்திரம் உண்டு என்றால் நீங்கள் சிரிக்கலாம். எனக்கோ அதன்மேல் ஒரு மரியாதையே உண்டு. கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பித்தளைத் திருகில் போட்ட துவாரம் அது. ஜெட் என்பார்கள். பெட்ரோல் அதன் வழியே ஏறி, காற்றோடு கலந்து, என்ஜினுக்குள் போகிறது. பெட்ரோலை இப்படித் தெளித்துக் கொடுக்கும் கார்புரேட்டருக்கு ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவர் 1893-ல் காப்புரிமை பெற்றார்கள்.

நம் ஊர் ஸ்கூட்டரில் இது அடைபட்டால் வண்டியை மர நிழலில் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைத் தேடலாம். கனடாவில், உறைந்துபோன ஏரியின் நடுவே, ஸ்னோமொபைலில் அடைபட்டால்? முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சக்கரத்துக்குப் பதில் ரப்பர்ப் பட்டை. பாதையில்லாத வெண்பனியில் ஓடும் வண்டி அது. அதன் கதையில் ஒரு குழந்தையின் சாவு இருக்கிறது.

க்யூபெக் மாகாணத்து வால்கூர் என்ற சிற்றூரில் 1926 முதல் கராஜ் நடத்தியவர் ஜோசப்-அர்மான் பொம்பார்தியே. பதினைந்து வயதிலேயே பழைய ஃபோர்டு என்ஜினைச் சறுக்குவண்டியில் பூட்டி, விமானத்தின் விசிறிபோல் ஒன்றைச் சுழலவிட்டு ஓட்டிய ஆசாமி. அந்த நாளில் குளிர்காலம் வந்தால் அங்கே பாதைகள் பனியில் மூடிவிடும். மோட்டார்கள் கொட்டகைக்குள் முடங்கிவிடும். 1934 ஜனவரியில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றுக்குள் கடுமையான அழற்சி. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாதையில்லை, அவர் செய்துகொண்டிருந்த பனிவண்டியும் தயாராயில்லை. குழந்தை இறந்தது.

ஊரார் வண்டிகளையெல்லாம் ஓடவைத்தவருக்குத் தம் பிள்ளையை ஏற்றிப்போக ஒரு வண்டி இல்லை. நாவலில் நான் இப்படி எழுதினால் விதியை வலிந்து இழுக்கிறேன் என்பார்கள். மகன் செத்ததால்தான் வண்டி பிறந்தது என்றும் சொல்லிவிட முடியாது. முயற்சி முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் அந்த ஜனவரிக்குப் பிறகு அது அவருக்குப் பொழுதுபோக்காக இருந்திருக்காது.

1937-ல் பல்சக்கரமும் ரப்பர்ப் பட்டையும் சேர்ந்த அமைப்புக்கு அவர் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் போகும் வண்டி வந்தது. டாக்டர்களும் தபால்காரர்களும் பனியில் பிரயாணம் செய்தார்கள். 1959-ல் ஸ்கீ-டூ என்ற சிறிய வண்டி வெளிவந்தது. 1964-ல் அவர் காலமானார்.

புதிய வண்டிகள் பலவற்றில் இப்போது கார்புரேட்டர் இல்லை. பழையவற்றில் இருக்கிறது. குளிர்காலம் முடிந்து வண்டியை மூலையில் நிறுத்தினால், மிதவைக் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் மெல்ல ஆவியாகிப் பிசினாகப் படிந்துவிடும். அடுத்த பனிக்கு வண்டி கிளம்பாவிட்டால் அது அதிர்ஷ்டம். கிளம்பிவிட்டால்தான் ஆபத்து: போதிய பெட்ரோல் வராமல் சூடேறி, நடுவழியில் பிஸ்டன் இறுகிப்போகும்.

ஆகவே வீட்டுக் கொட்டகையிலேயே அதைச் சுத்தம் செய்கிறார்கள். பெட்ரோல் குழாயை அடைத்து, கார்புரேட்டரைக் கழற்றி, கிண்ணத்தைத் திறந்து, ஜெட்டைத் திருகி எடுத்துச் சுத்தம் செய்யும் திரவத்தில் ஊறவைக்கிறார்கள். பிறகு அழுத்தக் காற்றால் ஊதுகிறார்கள். என் அம்மா பம்ப் ஸ்டவ்வின் அடைப்பைப் பின்னால் குத்தி எடுப்பாள். இங்கே அது ஆகாது. பித்தளை மெதுவானது, கம்பி பட்டால் துவாரம் பெரிதாகி அளவு கெட்டுவிடும்.

கடைசியில் ஜெட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்கள். மறுபுறத்து வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். தெரிந்தால், பனி விழுமுன் ஒரு வீட்டில் வண்டி தயார். 1934 ஜனவரியில் வால்கூரில் இல்லாமற்போனது அதுதான்.