பவுடர் முதல் பாவாடை வரை: அமெரிக்கப் பள்ளி விதிகளில் ‘கவனச் சிதறல்’ நுழைந்த வழி

அமெரிக்கப் பள்ளிகளின் உடை விதிகள் பற்றிய விவாதத்தில், விதிகளை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒரே அறிக்கையைச் சான்றுக்கு அழைப்பதைப் பார்க்கலாம். அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த பணிக்குழு, எய்லீன் ஸர்பிரிகன் தலைமையில் சிறுமியர் பாலியல்படுத்தப்படுவதை ஆராய்ந்து 2007 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை அது. அதன் உளவியலோடு எனக்குச் சண்டையில்லை. அதற்குள் ஒளிந்திருக்கும் காலவரிசையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அறிக்கை நான்கு நிலைகளை வரையறுக்கிறது. ஒருவரின் மதிப்பை அவருடைய பாலியல் கவர்ச்சியைக் கொண்டு மட்டுமே அளப்பது முதலாவது. அழகைக் குறுகிய அளவுகோலுக்குள் அடைத்து அதையே கவர்ச்சி என்பது இரண்டாவது. ஒருவரை மனிதராகக் கருதாமல் பிறருடைய பயன்பாட்டுக்கான பொருளாக்குவது மூன்றாவது. பாலியலைத் தகாத வகையில் ஒருவர்மீது சுமத்துவது நான்காவது. இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே போதும் என்கிறது குழு. நான்காவது குழந்தைகளுக்குக் குறிப்பாகப் பொருந்தும் என்றும் சொல்கிறது. இதுவரை வரையறை உறுதியாகவே நிற்கிறது.

காரணங்களைத் தேடப் புறப்படும்போது அறிக்கை தொலைக்காட்சி, இசைப்படம், பத்திரிகை, விளம்பரம், பொம்மை, சிறுமியருக்கான ஆடை, ஒப்பனைப் பொருள் என்று கடைத்தெரு முழுவதையும் சுற்றி வருகிறது. பிறகு பெற்றோர், ஆசிரியர், கூட்டாளிகள் ஆகியோரிடம் வருகிறது. கடைசியில் சிறுமியே தன்னை அந்தக் கண்ணால் பார்க்கப் பழகுவதைச் சொல்கிறது. பள்ளி எங்கே வருகிறது? பெரும்பாலும் பரிகாரத்தின் பக்கம்: ஊடகக் கல்வி, பெண்களுக்கான விளையாட்டு ஆகியவற்றைப் பள்ளி கொடுக்க வேண்டும் என்பது பரிந்துரை. விதி போடும் நிறுவனம் என்ற முறையில் பள்ளி காரணங்களின் முதன்மைத் தலைப்புகளில் இடம்பெறவில்லை.

இந்த அமைப்பிலிருந்து ஒரு கதை தானாகவே உருவாகிறது. சந்தை சிறுமியரைப் பாலியல்படுத்தியது. அது பள்ளி வாசல்வரை வந்தபோது பள்ளி விதி போட்டுத் தடுக்கப் பார்த்தது என்பதே அந்தக் கதை. அறிக்கை இதை இத்தனை வெளிப்படையாகச் சொல்லவில்லை. நேர்மையாகப் பார்த்தால் அதன் ஆசிரியர்கள் இதை மறுக்கவும் கூடும். ஆனால் பிரச்சினை பெருகி வருகிறது என்ற கவலையில் தொடங்கி, காரணங்களைச் சமகால ஊடகத்தில் தேடும் எந்த நூலும் வாசகரை இந்த முடிவுக்கே கொண்டு சேர்க்கும். பழைய வழக்குகளின் ஏடுகள் வேறு வரிசையைக் காட்டுகின்றன.

1921-22 பள்ளியாண்டின் தொடக்கத்தில், ஆர்கன்சா மாநிலத்துக் கிளே கவுண்டியில் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் நிர்வாகக் குழு சில விதிகளை இயற்றியது. மூன்றாம் விதி, உள்ளே தெரியும் காலுறை, கழுத்திறக்கமான உடை, நாணக்கேட்டை நோக்கிச் செல்லும் எந்தப் பாணி உடுப்பும் கூடாது என்றது. அதே மூச்சில் முகப்பூச்சும் ஒப்பனைப் பொருளும் கூடாது என்றது. பதின்பருவ மாணவி ஒருத்தி முகத்தில் டால்கம் பவுடர் பூசிக்கொண்டு வந்தாள். கழுவச் சொன்னார்கள். சில நாள் கழித்து மறுபடி பூசி வந்தாள். வகுப்புக்குள் விட மறுத்தார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போய், பக்ஸ்லி எதிர் செல்மையர் என்ற பெயரில் 1923-இல் பள்ளிக்குச் சாதகமாக முடிந்தது.

நம் ஊரில் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்குப் பவுடர் போட்டு அனுப்பாத வீடு குறைவு. குளித்து முடித்த சுத்தத்துக்கு அது அடையாளம். அதே பவுடர் கிளே கவுண்டியில் உள்ளே தெரியும் காலுறைக்குப் பக்கத்தில் போய் நின்றது. பவுடரில் எந்த நாணக்கேடும் இல்லை. விதியின் வரிசைதான் அதை அங்கே நிறுத்தியது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த விதியில் ‘பெண்’ என்ற குறிப்பே கிடையாது. மாணவர் அனைவருக்கும் பொதுவான விதியாகத்தான் அது எழுதப்பட்டிருந்தது. ஆனால் தடை செய்யப்பட்ட ஒவ்வொன்றும் பெண்பிள்ளைகள் அணிவது, பூசுவது. சமத்துவ மொழியில் எழுதி ஒரு பாலை மட்டும் பிடிக்கும் இந்த உத்திக்கு, கிடைக்கும் வழக்குகளில் இதைவிடத் தெளிவான பழைய எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

பெரும்பான்மைத் தீர்ப்பின் தர்க்கம் வியப்பானது. விதியை நீக்க வேண்டுமானால் தக்க காரணம் காட்டப்பட வேண்டும். நிலைநிறுத்துவதற்கு, அதை இயற்றியதன் காரணத்தை நீதிமன்றம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்றது அது. ஆகவே பவுடர் யாரை என்ன செய்தது என்ற கேள்வி எழவே இல்லை. நீதிபதி ஹார்ட் மட்டும் மாறுபட்டார். அந்த வயதுப் பெண் முகத்தில் பவுடர் பூசுவதைத் தடுப்பது நிர்வாகத்தின் அதிகார எல்லையைத் தாண்டியது என்பது அவர் கருத்து.

2007 அறிக்கையின் பக்கம் நின்று ஒருவர் மறுக்கலாம். 1920-களிலும் சந்தை இருந்ததே? ஒப்பனைத் தொழில் வளர்ந்த காலம்தானே அது? குட்டைப் பாவாடையும் கத்தரித்த கூந்தலுமாகத் திரிந்த ‘ஃப்ளாப்பர்’ பெண்களைக் கண்டு பெரியவர்கள் அஞ்சவில்லையா? அஞ்சினார்கள். ஆனால் அந்த அச்சத்தைக் கொண்டுவந்து டால்கம் பவுடர்மீது ஏற்றியது யார் என்பதே என் கேள்வி. கடைக்காரர் ஏற்றவில்லை, மாணவியும் ஏற்றவில்லை. பாலியலைத் தகாத வகையில் ஒருவர்மீது சுமத்துவது என்ற நான்காம் நிலைக்கு, விளம்பரப் படங்களைவிட மூன்றாம் விதி கச்சிதமாகப் பொருந்துகிறது.

1923-இன் மொழி ஒழுக்க மொழி. பிழை பெண்ணின் நடத்தையில் இருப்பதாக அது கொண்டது. இன்றைய விதிகளின் மொழி வேறு. பிழை பிறருடைய கவனத்தில் நிகழ்கிறது, பெண்ணின் உடை அதைத் தூண்டுகிறது என்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்படிப் போனார்கள்?

விடை 1969 பிப்ரவரி 24 அன்று வந்த டிங்கர் தீர்ப்பைச் சுற்றி இருக்கிறது என்பது என் எண்ணம். வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புக் கைப்பட்டை அணிந்த டெமொய்ன் நகர மாணவர்களுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் துணை நின்றது. மாணவரின் கருத்துரிமையைத் தடுக்க வேண்டுமானால், பள்ளிப் பணிக்குக் குறிப்பிடத்தக்க இடையூறு நேர்வதைப் பள்ளி காட்ட வேண்டும் என்ற அளவுகோல் வந்தது. தீர்ப்பை எழுதிய ஃபோர்ட்டஸ், இந்த வழக்கு பாவாடை நீளத்தைப் பற்றியதல்ல என்று ஓரமாகச் சொல்லி வைத்தார். அந்த வரியைப் பெரும்பாலோர் விலக்கு என்று வாசிக்கிறார்கள். பள்ளிகளின் வழக்கறிஞர்கள் அப்படி அமைதியாக இருந்துவிடவில்லை. ‘இடையூறு’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு என்னிடம் உள்ள சான்று ஒரே வாக்கியம். 1970-இல் நியூ ஹாம்ப்ஷயரின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் பேனிஸ்டர் எதிர் பாரடிஸ் வழக்கைத் தீர்த்தது. பிட்ஸ்ஃபீல்ட் ஊரில் 12 வயதுப் பையன், ஆறாம் வகுப்பு, நீல ஜீன்ஸ் போட்டு வந்ததற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டான். நீதிமன்றம் ஜீன்ஸ் தடையை நீக்கியது. ஜீன்ஸால் எவருடைய படிப்பு கெட்டது என்று பள்ளி காட்டவில்லை என்றது. மாணவர் உரிமை பற்றிய நூல்கள் இந்த முடிவைக் கொண்டாடுகின்றன. ஆனால் தீர்ப்பு அதோடு நிற்கவில்லை. பள்ளிக்கு எவ்வளவு அதிகாரம் மிச்சமிருக்கிறது என்று விளக்கும் இடத்தில், அழுக்குத் துணியைத் தடுக்கலாம் என்ற பிறகு, குறைந்த உடுப்போடு வருபவர்களையும் தடுக்கலாம் என்கிறது. காரணம்: போதிய மறைப்பு இல்லாமை, அதிலும் பெண் மாணவர்கள் விஷயத்தில், பிற மாணவரின் கவனத்தைச் சிதறடித்துக் கல்விக்கு இடையூறாகக்கூடும் என்பது வெளிப்படை.

இந்த வாக்கியத்தில் சற்று நிற்க வேண்டும். வழக்கில் ஒரு பெண்ணும் இல்லை. பெண்ணின் உடையைப் பற்றி யாரும் முறையிடவில்லை. யார் சாட்சியமும் அதைத் தொடவில்லை. பையனின் ஜீன்ஸுக்கு நிரூபணம் கேட்ட அதே நீதிமன்றம், பெண்ணிடம் வந்தவுடன் ‘வெளிப்படை’ என்று சொல்லி நிரூபணத்தைக் கைவிட்டது. ஒழுக்கக் காரணத்தை அந்த வாக்கியம் குறிப்பிடவில்லை. அதனிடத்தில் டிங்கரின் அளவுகோல் உட்கார்ந்திருக்கிறது. பழைய மூன்றாம் விதி புதிய மொழியில் மறுபடி எழுதப்பட்டது என்று இதைச் சொல்வேன்.

கீழ் நீதிமன்றத்தின் கிளைப்பேச்சு ஒன்றை வைத்து இத்தனை கட்டுவது சரியா என்று கேட்பவர்களுக்கு, ஆண்பிள்ளைகளின் நீளமுடி வழக்குகளைக் காட்டுவேன். 1968-இல் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஃபெரல் எதிர் டல்லாஸ் வழக்கில், இசைக் குழு நடத்திய பையன்களின் முடியால் பள்ளியில் நேர்ந்த சச்சரவுகளைத் தலைமையாசிரியர் சாட்சியமாகச் சொன்னார். பள்ளியே வென்றது, சாட்சியம் போதுமா என்பது வேறு கேள்வி. ஆனால் சாட்சியம் ஒன்று தேவைப்பட்டது. பையனின் முடி இடையூறு என்று காட்டுவதற்குச் சாட்சி வேண்டும். பெண்ணின் உடல் இடையூறு என்பதற்கு வேண்டாம். இந்த ஏற்றத்தாழ்வை ஊடகத்தின் தலையில் கட்ட முடியாது.

ஃபெரல் வழக்கு என் காலவரிசையைச் சிக்கலாக்கவும் செய்கிறது. அது டிங்கருக்கு முந்தையது. டிங்கரின் அளவுகோலே, 1966-இல் அதே ஐந்தாம் வட்டாரம் மிசிசிப்பி மாணவர்களின் விடுதலைப் பொத்தான்கள் பற்றித் தீர்த்த பர்ன்சைட் வழக்கிலிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே கவனச் சிதறல் என்ற வாதம் 1969-இல் பிறந்தது என்று சொல்லத் துணிய மாட்டேன். 1966-க்கும் 1970-க்கும் இடையில் அது சட்டத் தகுதி பெற்றது என்பதுவரை சொல்லலாம். பள்ளிகளின் அன்றாட விதிகளில் அதற்கு முன்பே அது புழங்கியிருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் 1990-களின் ஆடைக் கடைகளுக்குக் குறைந்தது 20 ஆண்டு முந்தையது அது.

இடைப்பட்ட காலத்தை விரைவாகக் கடக்கலாம். 1972-இல் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் ஒன்பதாம் பிரிவு சட்டமானது. 1975-இல் அதன் செயல்விதிகளில், தோற்ற விதிகளைப் பாகுபாட்டோடு நடைமுறைப்படுத்தக் கூடாது என்ற உட்பிரிவு இடம்பெற்றது. 1982-இல் ரீகன் அரசு அதை எடுத்துவிட்டது. 1994-இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச் மாவட்டம் சீருடையைக் கட்டாயமாக்கியதும், 1996-இல் அதிபர் கிளின்டன் நாடாளுமன்ற உரையில் சீருடையை ஆதரித்ததும் வன்முறை பற்றிய கவலையிலிருந்து வந்தவை. உடை விதி வரலாற்றில் இவற்றுக்கு வழக்கமாகத் தரப்படும் இடம் பெரிது. நம் கேள்விக்கு இவற்றின் பங்கு சிறிது.

2007 அறிக்கை ஆதாரமாகக் கொண்ட ஆய்வுகளில் ஒன்று அதன் சட்டகத்துக்கே எதிராகப் பேசுகிறது. பார்பரா ஃப்ரெட்ரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் வெளியிட்ட சோதனை அது. கல்லூரி மாணவியரைத் தனியறையில் நீச்சலுடையோ ஸ்வெட்டரோ அணியச் செய்து கணக்குப் போடச் சொன்னார்கள். நீச்சலுடை அணிந்த பெண்கள் குறைவாக மதிப்பெண் பெற்றார்கள். தன் உடல் பார்க்கப்படுகிறது என்ற உணர்வே சிந்தனையைத் தின்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அறையில் பார்ப்பதற்கு யாரும் இல்லை என்பது முக்கியம். அப்படியானால் வகுப்பின் நடுவில் எழுப்பி நிறுத்தி, கைவிரல் நுனிவரை பாவாடை வருகிறதா என்று அளக்கப்படும் 12 வயதுப் பெண்ணின் கணக்குப் பாடம் என்ன ஆகும்? சோதனை கல்லூரிப் பெண்களோடு நடந்தது, அளவெடுப்பு அதில் இல்லை; எனவே இது ஊகம்தான். அறிக்கை எழுதியவர்களே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்பதில் எனக்கு ஐயமில்லை.

அண்மைய வழக்கு ஒன்றுக்கு வருவோம். வட கரோலினாவின் லீலண்ட் ஊரில், அரசு நிதியில் தனியார் நடத்தும் சார்ட்டர் பள்ளி ஒன்று பெண்பிள்ளைகளுக்குக் கால்சட்டையைத் தடுத்தது. பாவாடை வகைதான் அணிய வேண்டும். ஏன் என்று பெல்டியர் என்ற தாய் கேட்டதற்கு, வீரமரபையும் ஆண், பெண் இடையிலான மரியாதையையும் காப்பதற்கு என்று 2015-இல் பள்ளியின் நிறுவனர் எழுதினார். பெண் என்பவள் ஆண் பேணிக் காக்க வேண்டிய மெல்லிய பாத்திரம் என்பது அவருடைய விளக்கம். வழக்கில் வந்த தகவல்களில் என்னை நிறுத்தியது சிறியது. முதல் வகுப்புச் சிறுமி தரையில் மற்றவர்களைப் போலச் சம்மணம் போட்டு உட்காரக் கூடாது, பாவாடை அணிந்திருப்பதால் கால்களை ஒருபக்கமாக மடக்கி வைக்க வேண்டும் என்று சொல்லப்பட்டாள். முதலில் பாவாடையைக் கட்டாயமாக்கியது பள்ளி. அதனால் வரும் வெளிப்பாட்டைக் குழந்தையின் உட்காரும் முறையில் திருத்தியதும் பள்ளி. இந்தச் சுற்றில் கடைக்கோ தொலைக்காட்சிக்கோ வேலையே இல்லை.

நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022 ஜூன் 14 அன்று பெல்டியர் வழக்கில் அந்த விதி அரசமைப்பின் சமப் பாதுகாப்பை மீறுகிறது என்றது. ஒன்பதாம் பிரிவு உடை விதிகளையும் தொடும் என்றும், 1982-இல் உட்பிரிவு நீக்கப்பட்டது இதற்குத் தடையல்ல என்றும் சொன்னது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. இதைப் பெருவெற்றி என்பவர்களோடு நான் முழுவதும் உடன்படவில்லை. பாவாடை அணி என்று கட்டாயப்படுத்தும் விதி வீழ்ந்தது. தோளைக் காட்டாதே, தொடையைக் காட்டாதே என்னும் விதிகள், பேனிஸ்டர் தீர்ப்பின் அந்த வாக்கியத்தில் சாய்ந்துகொண்டு, நிற்கின்றன.

அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2022 அக்டோபரில் தந்த மதிப்பீடு இதை எண்ணால் சொல்கிறது: உடை விதிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் பெண்பிள்ளைகள் வழக்கமாக அணியும் ஏதோ ஓர் உடுப்பைத் தடுக்கின்றன; ஆண்பிள்ளைகளின் உடுப்பைத் தடுப்பவை 69 விழுக்காடு. ஏறத்தாழ 60 விழுக்காடு விதிகளில் உடலையோ உடையையோ அளக்கும் ஏற்பாடு இருக்கிறது. மாற்றமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆர்கனில் 2016-இல் பெண்கள் அமைப்பு ஒன்று முன்வைத்த மாதிரி விதியும், 2017-இல் இலினாயின் எவன்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி எழுதிய விதியும் கவனச் சிதறல் என்ற காரணத்தை விட்டுவிட்டு, எவை மூடப்பட வேண்டும் என்பதை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்கின்றன.

இந்த வரலாற்றை மேலும் எழுத நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் நீதிமன்றத்தை எட்டிய சண்டைகளை மட்டுமே காட்டும். ஒழுக்கத்தின் இடத்தில் கவனச் சிதறல் வந்து உட்கார்ந்த நாளை, 1920-க்கும் 1970-க்கும் இடைப்பட்ட மாவட்டக் கல்வி வாரியங்களின் கூட்டக் குறிப்புகளில் தேடுங்கள்.